மூன்றுக்கும் ஒரு சொல்

2024 ஜூலை 3, புதன்

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. அது போதும்.

இன்று தபாலில் வந்த இதழில் 'அறுவாயில்' என்ற பாலி நூலின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை. 2013இல் வெளிவந்த புத்தகத்தை இப்போது தூசு தட்டியதற்குக் காரணம் இருக்கிறது. பாலி நூல்களை வரிசையாகத் தமிழில் கொண்டுவரும் பெரிய திட்டம் ஒன்றுக்கு முனைவர் பாக்கியநாதனைத் தலைமைப் பதிப்பாசிரியராக்கப் போகிறார்கள். அதை முடிவு செய்யும் குழு ஆகஸ்ட் பத்தாம் தேதி கூடுகிறது. அதற்குள் அவருடைய தகுதி என்ன என்று ஊருக்குத் தெரியட்டும் என யாரோ எழுதியிருக்கிறார். தலைப்பு, 'புத்தரை அழவைத்த மொழிபெயர்ப்பு'.

கட்டுரையாளர் சொல்வது சரிதான். பாலியில் 'வேதனா' என்றால் வலி இல்லை. கண்ணோ காதோ மூக்கோ ஒன்றைத் தொட்டவுடன் உள்ளே எழும் சுவை அது. இன்பமாக இருக்கலாம். துன்பமாக இருக்கலாம். இரண்டும் இல்லாத வெறுமையாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பெயர். அதைத் தமிழில் 'வேதனை' என்று எழுதிவிட்டால், படிப்பவன் பல்வலியைத்தான் நினைப்பான். புத்தகத்தில் நூற்றுப் பதினேழு இடங்களில் 'வேதனை' வருகிறது. 'மலரைக் கண்ட கண்ணில் வேதனை பிறக்கிறது' என்று ஒரு வாக்கியம். கட்டுரையாளர் அதை எடுத்துப்போட்டு, நல்ல கண் மருத்துவரிடம் காட்டவும் என்று எழுதியிருக்கிறார்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் புத்தகத்தை மொழிபெயர்த்தவன் நான். அட்டையில் இருப்பது பாக்கியநாதனின் பெயர். நான் 'நுகர்வு' என்று எழுதினேன். அவர் அதை 'வேதனை' ஆக்கினார். என் பெயரை எடுத்தார், சொல்லையும் எடுத்தார்.

இதழாசிரியருக்கு எழுதப்போகிறேன். கடிதம் வெளிவந்தால் பாக்கியநாதனுக்கு அந்தப் பொறுப்பு கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஜூலை 4, வியாழன்

காலையில் அச்சகத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு வழிகாட்டி நூலின் மெய்ப்பு வந்தது. நாற்பது பக்கம் திருத்தினேன். 'பருவமழை' எல்லாம் 'பருவமலை' ஆகியிருந்தது.

கடிதத்தில் முதல் வரிக்கு மேல் போகவில்லை. என்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது என்பதில் நின்றுவிட்டது. கல்லூரியிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவன். இப்போது உறையூரில் மாடி வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் பிழைகளைத் திருத்துகிறவன். இதையெல்லாம் எழுத வேண்டுமா? பட்டங்கள் மட்டும் போதும்.

ஜூலை 6, சனி

மங்கை காப்பி கொண்டுவந்தாள். என் தங்கை. கீழ்வீட்டில் இருக்கிறாள், பள்ளியில் அறிவியல் ஆசிரியை. டம்ளரை மேசையில் வைத்தவள் தரையைப் பார்த்தாள்.

"அண்ணே, செவப்பு மையக் கொட்டிட்டியா?"

"இல்லையே."

"அப்ப என்ன இது, மேசைலேர்ந்து பாத்ரூம் வரைக்கும் கோலம் போட்டு வச்சிருக்க?"

பார்த்தேன். ஒரே ஒரு காலின் தடம். இடது கால். நடந்து நடந்து சில இடங்களில் காய்ந்து கறுத்திருந்தது. என்னை உட்காரவைத்துக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் ஸ்டேப்ளர் பின் ஒன்று முழுதாக இறங்கியிருந்தது. மெய்ப்புத் தாள்களில் குத்தி வருவது. தாளைப் பிரித்துப் பின்னைத் தரையில் போடுவது என் வழக்கம்.

"எப்பக் குத்துச்சு?"

"தெரியாது."

"நேத்தா, முந்தா நேத்தா?"

"தெரியாது என்றேனே."

"இது ரெண்டு நாள் காரியமில்ல. சுத்தி வெள்ளையா ஊறிப்போயிருக்கு. வலிக்கவே இல்லையா?"

"இல்லை."

"ஏதோ மெடல் வாங்குன மாதிரி சொல்ற."

அவள் பின்னைப் பிடுங்கியபோதும் ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம்தான் சுளித்தது. வலி அவளுக்கு வந்ததுபோல இருந்தது.

சர்க்கரை நோய் பதினைந்து வருடமாக இருக்கிறது. பாதம் மரத்துப்போனது ஏழெட்டு வருடமாக. தரை குளிர்கிறதா, சுடுகிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, பழகிவிட்டது.

'அறுவாயி'லின் இரண்டாம் பகுதி இதைப் பற்றித்தான். புலன் ஒன்று, அதற்கு வெளியே பொருள் ஒன்று, அறியும் உணர்வு ஒன்று. மூன்றும் கூடினால்தான் தொடுதல் நடந்ததாகும். அதற்கு நான் 'ஊறு' என்ற பழைய சொல்லைப் போட்டேன். பழந்தமிழில் ஊறு என்றால் தொடு உணர்ச்சி. இன்றைய தமிழில் ஊறு என்றால் தீங்கு. என் காலில் பின் இருந்தது, தோல் இருந்தது, மூன்றாவது வரவில்லை. இன்றைய ஊறு உண்டு, பழைய ஊறு இல்லை. இதை ஓர் அடிக்குறிப்பாகப் போட்டிருக்கலாம்.

அந்தச் சொல்லில் பாக்கியநாதன் கைவைக்கவில்லை என்பதையும் நேர்மைக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

மங்கை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தில்லைநகரில் கால் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மருத்துவர் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. ஸ்டெல்லா என்ற செவிலியர் செய்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பேனா மாதிரி. அதன் முனையில் மெல்லிய நைலான் நரம்பு.

"கண்ண மூடிக்கோங்க சார். இதால கால்ல அங்கங்க தொடுவேன். தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க. தெரியலன்னா சும்மா இருங்க. இது பரீட்சை இல்ல, பாஸ் பண்ணணும்னு அவசியமில்ல."

"ம்."

"இன்னும் ஆரம்பிக்கல சார்."

மங்கை சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மின்விசிறியின் சத்தம், வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம். பிறகு இடது பாதத்தில் மெல்லிய ஒரு தொடுகை. "ம்" என்றேன். சற்று நேரம் கழித்து இன்னொன்று. குதிகால் பக்கம் ஒன்று. ஏழு முறை சொன்னேன். பயந்ததுபோல் மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்து, "பத்துக்கு ஏழா?" என்றேன்.

"நான் பத்துத் தடவ தொட்டேன் சார். நீங்க ஏழு தடவ சொன்னீங்க. ரெண்டும் ஒரு தடவகூட சேரல."

"எனக்குத் தெரிந்ததே."

"பொய் சொல்றீங்கன்னு சொல்லல. நெறைய பேருக்கு இப்படித்தான். இப்பத் தொடுவாங்க, இப்பத் தொடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தா, தொட்ட மாதிரியே இருக்கும்."

"எழுபது மார்க் போட்டு விட்டுருங்க சிஸ்டர்," என்றாள் மங்கை. "இல்லன்னா மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டுருவாரு."

மருத்துவர் புண்ணைக் கிளறிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஆட்டோவில் திரும்பும்போது மங்கை, "பாலில சக்கரைக்கு என்னண்ணே பேரு?" என்று கேட்டாள். 'சக்கரா' என்றேன். "அடப்பாவமே, அங்கயும் விடலையா," என்றாள்.

அந்த ஏழு தொடுகைகளும் இப்போதும் நினைவில் இருக்கின்றன. எங்கெங்கே என்று விரல் வைத்துக் காட்டமுடியும்.

ஜூலை 10, புதன்

இதழாசிரியர் தணிகைவேலைத் தொலைபேசியில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இது பெரிய விஷயம் சார். ஆதாரம் எதுனா இருக்கா?"

"நான்தான் ஆதாரம்."

"அது சரி. தாள்ல, எழுத்துல ஏதாவது?"

"கையெழுத்துப்படி அவரிடம் இருக்கிறது."

"கேட்டா குடுப்பாரா?"

"கேட்டால் கொளுத்திவிடுவார்."

"சரி, நீங்க எழுதி அனுப்புங்க. ரெண்டாந்தேதி ஆகஸ்ட் இதழ் அச்சுக்குப் போகுது. மெயில் வேண்டாம், கையெழுத்தோட தாள்ல அனுப்புங்க, நாளைக்கு யாரும் கேட்டா காட்டணுமில்ல. பேரு போடலாந்தானே? சிலர் வேணாம்பாங்க, அப்படியும் போட்டிருக்கோம்."

"பட்டங்களோடு போடுங்கள்," என்றேன்.

ஜூலை 13, சனி

எக்ஸ்ரே. எலும்புக்குப் போய்விட்டது. விரலை எடுக்கவேண்டும் என்கிறார். வியாழக்கிழமை.

ஜூலை 15, திங்கள்

கடிதத்தில் பின்னணி எழுதவேண்டும். இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

பாக்கியநாதனும் நானும் ஒரே வருடம் கல்லூரியில் சேர்ந்தோம், நான் நான்கு மாதம் முன்னால். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், நான் முசிறி. உதவித்தொகையில் இரண்டு வருடம் புனே போய் ஒரே அறையில் தங்கிப் பாலி படித்தோம். வாடா போடா என்று பழகியவர்கள். 2011இல் 'அறுவாயி'லைத் தொடங்கினோம். நான் மொழிபெயர்ப்பேன், அவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பென்சிலால் குறிப்பெழுதுவார், நான் சிவப்பு மையால் முடிவு செய்வேன். இரண்டு பெயரும் அட்டையில் வருவதாக ஏற்பாடு.

2013 ஏப்ரலில் அவர் துறைத் தலைவர் ஆனார். பணிக்காலத்தில் நான்தான் நான்கு மாதம் மூத்தவன், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஜூனில் புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு பெயர். உள்ளே நூற்றுப் பதினேழு 'வேதனை'.

என் மனைவி தமயந்தி போனதும் அந்த வருடம்தான். பிப்ரவரி. பித்தப்பையில் தொடங்கியது. நாற்பத்தொரு வயது. அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை, கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

துக்கத்துக்குக்கூடப் பாக்கியநாதன் வரவில்லை என்று இன்று பேச்சுவாக்கில் மங்கையிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு, பாக்கியநாதன் அண்ணனா? மூணு வாரம் இங்கதானே கெடந்தாரு."

"மூன்று வாரமா?"

"கூடத்துல பாய் போட்டுப் படுத்திருந்தாரு. நீ சாப்பிட மாட்டேன்னு உக்காந்திருந்தப்ப யாரு ஊட்டி விட்டாங்கன்னு நெனச்ச?"

மங்கைக்கு எப்போதுமே எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு.

ஜூலை 18, வியாழன்

விரலை எடுத்தார்கள். பாதம் மரக்க ஊசி போட்டார்கள். அது தேவையா என்று கேட்டேன். மருத்துவர் சிரித்தார்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆடி பிறந்துவிட்டதால் தெருமுனை மாரியம்மன் கோயிலில் ஒலிபெருக்கி காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. இன்று கூழ் ஊற்றினார்கள். மங்கை எனக்குத் தெரியாமல் குடித்துவிட்டு வந்து மீசையோடு நின்றாள்.

ஒரு விஷயம். இல்லாத விரல் அரிக்கிறது. கட்டைவிரலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், கட்டுத்துணிக்குள், எதுவும் இல்லாத இடத்தில். கட்டைப் பிரித்தா சொறிவது? பிரித்தாலும் எதைச் சொறிவது?

"அரிக்குது மங்கை" என்றேன்.

"எது?"

"அந்த விரல்."

"இருந்தப்ப பின்னு குத்துனது தெரியல. இப்ப அரிக்குதாக்கும். ஒன்னோட எப்பவும் இதே ரோதனைதான்ணே, இருக்கிறப்ப கண்டுக்க மாட்ட."

சொல்லிவிட்டு, சட்டென்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜூலை 23, செவ்வாய்

கடிதம் முடிந்தது. மூன்று பக்கம். திருத்திய படியும் எழுதிவிட்டேன். கடைசிப் பத்தி இப்படி: 'நுகர்வு என்னும் சரியான சொல்லை நீக்கி, வேதனை என்னும் பிழையான சொல்லைப் புகுத்தியவரின் கையில், இனிப் பாலி இலக்கியம் முழுவதையும் ஒப்படைப்பதா என்பதைக் குழு சிந்திக்கட்டும்.' கீழே பெயர், பட்டங்கள், முகவரி.

இதை எழுதி முடிக்கும் நாளை எத்தனையோ முறை கற்பனை செய்திருக்கிறேன். எப்படி இருக்கும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். இன்பமில்லை. துன்பமும் இல்லை. மூன்றாவது வகை. சிறிது நேரம் காத்திருந்து பார்த்தேன், அதுவேதான்.

தபால் உறையில் இதழின் முகவரியை எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். தபால் தலை வாங்க வேண்டும்.

ஜூலை 25, வியாழன்

பாக்கியநாதன் வந்தார்.

பிற்பகல் மூன்று மணி. மாடிப்படியில் மங்கையின் குரலும் கூடவே ஓர் ஆணின் குரலும் கேட்டன. மங்கை கதவைத் திறந்து, "யார் வந்திருக்காங்க பாரு," என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கீழே போனாள். அவள்தான் போன் செய்து விரலைப் பற்றிச் சொல்லியிருக்கவேண்டும்.

முடி முழுக்க வெளுத்துவிட்டது. கையில் துணிப்பை. நாற்காலியில் உட்கார்ந்து என் கட்டைப் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க?"

நீங்கள் என்றார்.

"இருக்கிறேன்."

"வலி?"

"கிடையாது."

"சக்கரை எவ்வளவு இருக்கு?"

சொன்னேன். தன்னுடையதையும் சொன்னார். அவருடையது கூடுதல். அதற்குப் பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்தோம். முகவரி எழுதிய உறை மேசையில் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. எழுத்துகள் அவரைப் பார்த்து இருந்தன. படித்திருப்பார். அதை மறைக்க எழுந்து போகும் நிலையில் நான் இல்லை.

"ஒரு விஷயம் கேக்கணும்," என்றார். "கட்டுரை பாத்திருப்பீங்க. குழுவுலேர்ந்து பதில் கேட்டிருக்காங்க. அடுத்த பதிப்புல 'வேதனை'ய மாத்திடறேன்னு எழுதிக் குடுத்தா போதும்ங்கிறாங்க. மாத்தலாமா?"

"என்னை ஏன் கேட்கிறீர்கள்?"

"உங்களக் கேக்காம எப்படி மாத்துறது?"

"மாற்றும்போது கேட்டீர்களா?"

"எப்ப மாத்துனேன்?"

"நான் 'நுகர்வு' என்று எழுதினேன். நீங்கள் 'வேதனை' ஆக்கினீர்கள்."

இதைச் சொல்லும் காட்சியையும் பல வருடம் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அதில் அவர் தலைகுனிவார். நேரில் அவர் வாய் லேசாகத் திறந்தது. கிண்டல் செய்கிறேனா என்று பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரல் மாறியது.

"சேகர், என்னடா சொல்ற?"

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பை எடுத்தார். உள்ளே ஜெராக்ஸ் தாள்கள். ஒன்றை உருவி என் மடியில் வைத்தார்.

என் கையெழுத்து. நீல மையில் 'தொடுதலினின்று வேதனை பிறக்கிறது'. 'வேதனை' மேல் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் அவருடைய சின்ன எழுத்து: 'மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். நுகர்வு?' அதற்குக் கீழே சிவப்பு மை. ஜெராக்ஸில் கறுப்பாகத் தெரிந்தாலும், அழுத்தத்தைப் பார்த்தாலே சிவப்பு என்று எனக்குத் தெரியும். அடித்த சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளிகள். ஒரு திருத்தம் வேண்டாம், பழையதே நிற்கட்டும் என்று சொல்ல மெய்ப்பு பார்க்கிறவர்கள் வைக்கும் புள்ளிகள். பக்கத்தில் என் கையெழுத்தில்: 'இருக்கட்டும். மூன்றும் ஒன்றுதான்.' தேதியும் போட்டிருந்தேன். எந்தத் தாளில் கைவைத்தாலும் தேதி போடுவது என் பழக்கம். 7.3.2013.

தமயந்தியின் பதினாறாம் நாள் காரியம் எட்டாம் தேதி நடந்தது.

"இத மாதிரி எல்லாப் பக்கத்துலயும் இருக்கு," என்றார். "ஒரே ராத்திரில அத்தனைக்கும் புள்ளி வச்ச. நீதானடா வேலை குடு, சும்மா உக்கார முடியலன்னு கேட்ட. நான் பக்கத்துல படுத்திருந்தேன்."

நான் தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தேன்.

"அப்ப என்னால அது தப்புன்னு உன்கிட்ட வாதாட முடியல. அப்புறம் பேசிக்கலாம்னு இருந்தேன். மே மாசம் பதிப்பாளருக்கு நீ எழுதிட்ட, என் பேரு அட்டைல வேண்டாம்னு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

ஏன் என்று எனக்குத் தெரியும். ஏப்ரல். துறைத் தலைவரின் அந்த வெறுமையான மேசையும், அதன்மேல் அவருடைய பெயர்ப்பலகையும். அப்படி ஒரு கடிதம் எழுதினேனா என்று யோசித்தேன். எழுதவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"அச்சுக்குப் போவதற்கு முன்னால் மாற்றியிருக்கலாமே," என்றேன். "நான்தான் விலகிவிட்டேனே."

"மாத்தலாம்னுதான் உக்காந்தேன். பேர எடுத்துக்கிட்டுப் போயிட்ட. சொல்லையும் எடுத்துட்டா, அதுல உன்னுதுன்னு என்ன மிச்சம் இருக்கும்? விட்டுட்டேன்."

"பதினோரு வருடமாகத் திட்டு வாங்கினீர்களே."

"ஆமா. கண் டாக்டர் வரைக்கும் வந்துடுச்சு." லேசாகச் சிரித்தார். "எனக்கும் புரை இருக்கு, அது வேற."

"குழுவிடம் இந்தத் தாளைக் காட்டலாமே."

"காட்ட மாட்டேன். அந்தத் தேதிய அவங்க எதுக்குப் பாக்கணும்?"

மங்கை காப்பி கொண்டுவந்தாள். அவருக்கும் சர்க்கரை இல்லாமல். இரண்டு பேரும் குடித்தோம். போகும்போது கதவருகில் நின்று, "மாத்தலாமா வேண்டாமான்னு சொல்லலையே நீ," என்றார்.

"யோசித்துச் சொல்கிறேன்," என்றேன்.

தாளை விட்டுவிட்டுப் போனார். மறந்தாரா, விட்டாரா என்று தெரியாது.

ஜூலை 26, வெள்ளி

கட்டு மாற்றினார்கள். இட்லி மூன்று. மெய்ப்பு பார்க்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

நான்கு நாளாக ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். தாளைப் பார்ப்பது, பிறகு கண்ணை மூடி அந்தப் பக்கத்தை நான் மொழிபெயர்த்த நாளை நினைப்பது. கல்லூரி நூலகத்தின் மேற்கு ஜன்னல். நீல மை. நான் 'நுகர்வு' என்று எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். 'ர்' போட்டு 'வு' சுழிப்பதுகூடத் தெரிகிறது. கண்ணைத் திறந்தால் மடியில் 'வேதனை'. கையெழுத்து என்னுடையது, சந்தேகமில்லை, தகராறு செய்யவும் வழியில்லை. மறுபடி கண்ணை மூடினால் 'நுகர்வு'.

உண்மை தெரிந்துவிட்டால் பொய்யான நினைவு தானாக விலகிக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன். விலகவில்லை. அதற்கு இந்தத் தாளைப் பற்றி யாரும் சொல்லவில்லைபோல, அது தன் பாட்டுக்கு இருக்கிறது. புத்தகத்தின் ஐந்தாம் பகுதியில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. எதை நுகர்கிறோமோ அதைக் குறித்துக்கொள்கிறோம், குறித்துக்கொண்டதைப் பற்றி எண்ணுகிறோம், எண்ணி எண்ணிப் பெருக்கியதையே கடைசியில் உலகம் என்கிறோம். நானே எழுதிய வாக்கியம். நல்ல வாக்கியம் என்று அப்போது பாக்கியநாதன் ஓரத்தில் எழுதியிருந்தார். அல்லது அதுவும் நானாக நினைத்துக்கொண்டதா?

இந்தப் பதினோரு வருடத்தில் வேறு எவையெல்லாம் இப்படி என்று எண்ணத் தொடங்கினேன். நிறுத்திவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

மங்கையிடம் கேட்டேன், அந்தக் கடைசி மாதத்தில் நான் எப்படி இருந்தேன் என்று.

"ஆஸ்பத்திரில அண்ணி பக்கத்துலயே உக்காந்திருப்ப. அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு. அவங்களுக்கு மருந்துல ஒண்ணும் தெரியாது, நீ பிடிச்சிருக்கிறதுகூட. 'நான் தொடறது தெரியுதா'ன்னு கேட்டுக்கிட்டே இருப்ப."

"என்ன சொல்வாள்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீதான், 'பாரு தலைய ஆட்டுறா'ம்ப."

எனக்குத் தலையாட்டியதுதான் நினைவிருக்கிறது.

"ஆட்டலையா?" என்றேன்.

மங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வேட்டியை நான்காக, பிறகு எட்டாக மடித்தாள்.

"அத விடுண்ணே," என்றாள்.

ஜூலை 30, செவ்வாய்

பாக்கியநாதனுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். 'மாற்றலாம்.' வேறு எதுவும் எழுத வரவில்லை. ஐந்து எழுத்துக்கு ஓர் அஞ்சலட்டை அதிகம்தான்.

அது போதாது என்பதும் தெரியும். அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால், பிழை அவருடையது என்று ஒப்புக்கொண்டதாகும். பத்தாம் தேதி குழு கூடும்போது கட்டுரை மேசையில் இருக்கும். பதினோரு வருடமாகக் குழம்பிக்கிடந்தவர் என்றுதான் பேசுவார்கள். அவர் தாளைக் காட்டப் போவதில்லை. காட்டக்கூடியவன் நான் ஒருவன்.

ஜூலை 31, புதன்

மூன்று பக்கக் கடிதத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது.

'அறுவாயில் நூலில் வரும் வேதனை என்ற சொல் பிழை. தங்கள் கட்டுரையாளர் சொல்வது சரி. ஆனால் அந்தப் பிழை அட்டையில் பெயர் உள்ளவருடையது அன்று. அவர் அதை அச்சுக்கு முன்பே கண்டு, சரியான சொல்லைக் குறித்தார். முதல் வரைவை எழுதியவர் அதை ஏற்கவில்லை. அவருடைய கையெழுத்தில் உள்ள தாளின் படியை இணைத்திருக்கிறேன். முனைவர் பாக்கியநாதன் தம்முடையதல்லாத ஒரு பிழையைப் பதினோரு ஆண்டுகள் தம் பெயரில் வைத்துக் காத்தார். பாலி நூல்களை யார் கையில் ஒப்படைப்பது என்று பார்க்கிறவர்களுக்கு இதையும் தெரிவிப்பது முறை.'

தாளின் ஓரத்திலிருந்த தேதியின் மேல் ஒரு துண்டு வெள்ளைத் தாளை ஒட்டி, மங்கையை விட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவரச் செய்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அடியில் என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். 'கு' என்று முதலெழுத்து மட்டும் எழுதினேன். அப்போதுதான் உறைத்தது. இதில் கையெழுத்துப் போட்டால், முதல் வரைவு யாருடையது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் நூலே இவருடையதுதானா என்பார்கள். குற்றம் சாட்டிப் பெற நினைத்ததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்றுக்கொள்வேன். அட்டையில் எனக்கும் இடம் வேண்டும் என்று நாளைக்கு யாராவது எழுதினாலும் எழுதுவார்கள். அதைப் படிக்கும்போது எனக்குள் என்ன எழும் என்பது எனக்குத் தெரியும். அது மூன்றாவது வகையாக இருக்காது.

பயமும் இருக்கிறது. இல்லையென்று சொல்லப்போவதில்லை. மனைவி இறந்த பதினைந்தாம் நாள் உட்கார்ந்து சொற்களுக்கு அடியில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவன் என்று ஒருவரும் என்னைப் பார்க்க வேண்டாம். இரண்டில் எது பெரிய காரணம் என்று என்னால் பிரிக்கமுடியவில்லை.

தணிகைவேல் என் எழுத்தைக் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். பாக்கியநாதனுக்கு யார் எழுதியது என்று சொல்லவே தேவையில்லை, ஒரு வரி படித்தால் போதும்.

வேறு தாள் எடுத்து அரைப் பக்கத்தையும் மறுபடி எழுதினேன். இன்று நான்கு மணிக்குத் தபால்பெட்டியைத் திறப்பார்கள். ஊன்றுகோலோடு படி இறங்க இருபது நிமிடம் பிடிக்கும். பெயர் போடாமல்தான் அனுப்பப்போகிறேன்.